மறு: ‘வித்டிராயல் பீரியட்’ – நீங்கு காலமா, ஒதுக்கு காலமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். கால்நடை மருந்துச் சிட்டைகளில் வரும் ‘வித்டிராயல் பீரியட்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழை நீண்டுவிட்டது என்று தெரியும். ஆனாலும் ‘மருந்து நீங்கு காலம்’ முடிவாகிவிடும்போல் இருப்பதால் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

> மருந்து உடலை விட்டு நீங்குவதற்கான காலம். எனவே ‘நீங்கு காலம்’ நேர்ப்பொருள் தருகிறது.

காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது, பொருள்தான் இடிக்கிறது. கடைசித் தவணை மருந்து கொடுத்தபின், அந்த விலங்கின் பாலோ முட்டையோ இறைச்சியோ உணவுக்குப் போவதற்குள் கழிய வேண்டிய மிகக் குறைந்த நேரம் இது. அது முடியும்போது மருந்து அறவே நீங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. உணவில் இருக்கலாம் என்று வகுத்த உச்ச வரம்புக்குக் கீழே இறங்கியிருந்தால் போதும். ஆக்சிடெட்ராசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக்குப் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வகுத்த வரம்பைப் பாருங்கள்: ஒரு லிட்டர் பாலில் 100 மைக்ரோகிராம், ஒரு கிலோ தசையில் 200, கல்லீரலில் 600, சிறுநீரகத்தில் 1,200. பென்சைல்பென்சிலின் என்றால் பாலில் வெறும் 4. ‘நீங்கு’ என்று எழுதினால், யாரும் தராத உறுதியை நாம் தந்துவிடுகிறோம். பாலுக்குச் சுழியம் மணி நேரம் என்று அச்சிட்டு வரும் மருந்துகளும் உண்டு. ‘நீங்கு காலம் சுழியம்’ என்றால் ஊசி போட்ட நொடியிலேயே மருந்து மாயமாகிவிட்டதாக அல்லவா ஆகிறது?

குளோராம்ஃபெனிக்கால் என்ற நுண்ணுயிர்க்கொல்லி இதற்கு நேர்மாறு. மனிதருக்குக் கேடில்லாத அளவு இது என்று அதற்கு எதையும் நிறுவ முடியவில்லை. ஆகவே வரம்பும் இல்லை, காலமும் இல்லை. எத்தனை நாள் பொறுத்தாலும் உணவுக்கான விலங்குக்கு அது ஆகாது.

‘திரும்பப் பெறும் காலம்’ என்ற மொழிபெயர்ப்பை ஒரு சிட்டையில் கண்டதாக நண்பர் எழுதியிருந்தார். வைப்புநிதி ரசீதுக்குப் பொருந்தும்; மாட்டுக்குப் பொருந்தாது. ‘காத்திருப்புக் காலம்’ காப்பீட்டுக்காரர்கள் கையில் போய்விட்டது. ‘விலக்கு’ என்றால் வரிவிலக்கும் மாதவிலக்கும் மதுவிலக்கும் முன்னால் வந்து நிற்கின்றன.

> ‘பத்தியக் காலம்’ என்றால் எவருக்கும் விளங்குமே!

இந்தச் சொல்லை விட எனக்கே மனமில்லை. மருந்து சாப்பிடுவது மாடு, பத்தியம் காப்பது மனிதர் என்பது ரசிக்கும்படியான திருப்பம். ஆனால் பத்தியம் மருந்துண்டவருக்கே உரியது என்றுதான் நம் பழக்கம். சிட்டையைப் படிப்பவர் புண்ணாக்கை நிறுத்திவிட்டுப் பாலைத் தாராளமாக ஊற்றி அனுப்பிவிடுவார்.

என் பரிந்துரை ‘ஒதுக்கு காலம்’. வினைத்தொகை; ஆகவே வல்லினம் மிகாது, இடையில் ‘க்’ போட்டுவிடாதீர்கள். மருந்து உள்ளே என்ன செய்கிறது என்பதைப் பற்றி இந்தச் சொல் வாய் திறப்பதில்லை. வளர்ப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறது. பாலை ஒதுக்குகிறோம், முட்டையை ஒதுக்குகிறோம்; இறைச்சிக்கு என்றால் விலங்கையே அறுப்பிலிருந்து ஒதுக்கி வைக்கிறோம். மடிநோய்க்கு ஒரே காம்பில் மருந்து ஏற்றினாலும் நான்கு காம்புப் பாலையும் ஒதுக்க வேண்டும், ஏனென்றால் மருந்து இரத்தத்தில் கலந்து மற்றக் காம்புகளுக்கும் வந்துவிடும். ‘நீங்கு’ என்றால் மருந்து ஏற்றாத மூன்று காம்புகளில் நீங்குவதற்கு என்ன இருக்கிறது என்று கேள்வி எழும். ‘ஒதுக்கு’ என்றால் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

எந்தச் சொல்லை எடுத்தாலும் விளக்கவுரையில் ‘கடைசித் தவணையிலிருந்து’ என்பது கட்டாயம் வேண்டும். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் காலை 6 மணிக்கு ஊசி. ஒதுக்கு காலம் 72 மணி நேரம் என்று வையுங்கள். கணக்குப்படி சனிக்கிழமை காலை 6 மணி வரை ஒதுக்க வேண்டும். முதல் ஊசியிலிருந்து எண்ணுபவர் வியாழனன்றே பாலைப் பொதுக் கலனில் சேர்த்துவிடுவார். ஒரு மாட்டுப் பால் மொத்தக் கலனையும் கெடுக்கும்: பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு ஆபத்து, தயிருக்கு உறை ஊற்றினால் நுண்ணுயிர் வளராது. காய்ச்சினால் சரியாகிவிடும் என்றும் நம்ப முடியாது. அளவைக் கூட்டிப் போட்டாலோ, சிட்டையில் இல்லாத விலங்குக்குப் போட்டாலோ அச்சிட்ட எண் செல்லாது. இதையும் ஒரு வரியில் சேர்க்கலாம்.

இடையில் ஒரு வேண்டுகோள். உணவில் தங்கிவிடும் மருந்தைக் குறிக்கும் ‘ரெசிடியூ’வுக்கு வெறும் ‘எச்சம்’ என்று போடாதீர்கள், எப்போதும் ‘மருந்தெச்சம்’ என்றே எழுதுவோம். ‘முட்டையில் எச்சம்’ என்று படித்தவர் அதைத் துணியால் துடைத்துவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று போய்விடுவார்!

ஆக, வரைவு இது:

ஒதுக்கு காலம்: விலங்குக்குக் கடைசித் தவணை மருந்து கொடுத்த நேரத்திலிருந்து, அதன் பால், முட்டை அல்லது இறைச்சியை உணவுக்குச் சேர்க்காமல் ஒதுக்க வேண்டிய, மருந்துவாரியாகக் குறிக்கப்பட்ட மிகக் குறைந்த காலம்.

மீனில்தான் இது தடுமாறுகிறது. மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தோடு ஏறி இறங்குவதால், மருந்து வெளியேறும் வேகமும் மாறுகிறது. ஆகவே நாளை நீரின் வெப்பநிலையால் பெருக்கிக் கணக்கிடுகிறார்கள். 500 என்று குறித்திருந்தால், 10 பாகை செல்சியஸ் நீரில் 50 நாள், 25 பாகையில் 20 நாள். இந்த அலகுக்கு ‘பாகைநாள்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். திதி, கோள்நிலை பற்றியது என்று சோதிடம் அறிந்தவர்கள் நினைப்பார்களோ என்ற ஐயம் இருக்கிறது. ‘வெப்பநாள்’ என்றால் கோடைக்காலம் ஆகிவிடுகிறது. மீன்வளத் துறையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

அன்புடன்