என் கோபம் அவர் கண்ணில் படவே இல்லை

இரவுப்பறவை:
என் கணவருக்கு ஹண்டிங்டன் நோய் (மூளையை மெல்லமெல்லத் தேய்க்கும் பரம்பரை நோய்) என்று உறுதியானபோது வயது 43. கைவிரல்கள் தானாக அசைய ஆரம்பித்த பிறகுதான் டாக்டரிடம் போனோம். ஆனால் வீட்டில் சண்டை அதற்கு மூன்று வருடம் முன்பே தொடங்கிவிட்டது. ஒருநாள் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர மறந்துவிட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எதிரே நிற்கிறேன், அவர் ஆபீஸில் கேட்ட ஜோக்கை ரசித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "என் மூஞ்சியைப் பார்த்தால் தெரியலையா?" என்று கத்தினேன். "ஏன், என்ன ஆச்சு?" என்றார். நடிக்கிறார் என்றே நினைத்தேன்.

பிறகு ஒரு உளவியல் நிபுணர் கம்ப்யூட்டரில் முகப் படங்களைக் காட்டி, என்ன உணர்ச்சி என்று என் கணவரிடம் கேட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். சிரித்த முகத்துக்கு உடனே "சந்தோஷம்" என்றார். கோப முகத்துக்கு, "ஏதோ யோசிக்கிறார்." மூக்கைச் சுளித்து மேலுதட்டைத் தூக்கிய முகம் வந்ததும் வெகுநேரம் பார்த்துவிட்டு, "தும்மப் போறாரோ?" என்றார். அது அருவருப்பு. எத்தனை முறை அவருக்கு நானே காட்டிய முகம்!

இந்த நோயில் மூளையின் ஆழத்தில் இருக்கும் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதிதான் முதலில் தேயுமாம். அதன் வேலை அசைவோடு முடிவதில்லை, உணர்ச்சியை இனங்காண்பதிலும் அதற்குப் பங்கு உண்டு என்றார் அந்த நிபுணர். கோபம், அருவருப்பு, பயம் போன்றவைதான் அதிகம் தவறுமாம், மகிழ்ச்சி ஓரளவு பிடிபடுமாம்.

ஐம்பதுக்கைம்பது:
என் அப்பாவுக்கும் இந்த நோய் இருந்தது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. 1993இல் இதற்கான மரபணுவைக் கண்டுபிடித்ததிலிருந்து ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடுகிறது. அந்த மரபணுவில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்துக் குறியீடு 40 தடவையோ அதற்கு மேலோ அடுக்கடுக்காக வந்தால் நோய் வரும். எனக்கு 42 தடவை.

இன்னும் எந்த அறிகுறியும் இல்லை. ஆனால் முகம் படிப்பதில் வரும் தடுமாற்றம் சிலருக்கு அசைவுக் கோளாறுக்குப் பல வருடம் முன்பே தலைகாட்டும் என்று படித்ததிலிருந்து நிம்மதி போச்சு. போன வாரம் மீட்டிங்கில் மேனேஜர் கடுகடுவென்று இருந்தாராம், நான் கவனிக்கவே இல்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை. (பக்கத்து சீட்காரரும் கவனிக்கவில்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது. அவருக்கு மறதிகூடக் கிடையாது.)

சின்னத்தங்கை:
எங்கள் அண்ணனுக்கும் இதே நோய்தான். அவன் முகமே எதையும் காட்டாது. எங்கள்மேல் கோபம்போல என்று நாங்களும் ஒதுங்கியே இருந்தோம். கேட்டால், "நல்லாத்தானே இருக்கேன்" என்பான். குரலில் கடுமை காட்டிப் பார்த்தேன், அதுவும் அவனுக்கு எட்டவில்லை.

இரவுப்பறவை:
@சின்னத்தங்கை, குரலும் அப்படித்தான். குரலில் இருக்கும் உணர்ச்சியும் பலருக்குப் பிடிபடுவதில்லை. ஜாடை காட்டுவது, முறைப்பது, 'உம்' என்று உட்கார்ந்திருப்பது எல்லாவற்றையும் நான் விட்டுவிட்டேன். சொல்கிறேன், அவ்வளவுதான். முதலில் எனக்கே கூச்சமாக இருந்தது. மகள் என்னைவிடச் சீக்கிரம் பழகிக்கொண்டாள். நேற்று அவர் எதிரே போய் நின்று, "அப்பா, எனக்குக் கோபம். டிவி சத்தத்தில் படிக்க முடியல" என்றாள். "அப்படியா? சரி" என்று ரிமோட்டைத் தேடினார்.