டூம்ஸ்டோன் மலையில் கரடி பார்த்தீங்களா?

கனடாவின் யூகானில், டாசன் சிட்டிக்கு மேலே இருக்கிற டூம்ஸ்டோன் பூங்காவுக்கு கைடு குழுவோடு போகப் பணம் கட்டியாச்சு. கிரிஸ்லி லேக், டிவைட் லேக், டாலஸ் லேக் என்று டென்ட் போட்டு நடக்கிற பாதை. வீட்டில் ஒரே கேள்விதான்: கரடி வந்தால் என்ன பண்ணுவே? போய் வந்தவங்க நேரில் பார்த்ததைச் சொல்லுங்களேன்.

*

நாங்கள் போனது ஆகஸ்ட் கடைசியில், இலையெல்லாம் சிவந்து கிடக்கிற நேரம். டெம்ப்ஸ்டர் ஹைவேயில் 58 கிலோமீட்டர் தாண்டி இறங்கணும். ஹைவே என்று பெயர்தான், பெரும்பாலும் சரளை ரோடு.

எங்கள் கைடு அந்த மண்ணுக்கே உரிய ட்ரொண்டெக் ஹ்வெச்சின் என்கிற பூர்வகுடிப் பெண். 1998-இல் அவர்கள் போட்ட நில ஒப்பந்தத்தால்தான் இந்தப் பூங்காவே வந்தது. நடக்கத் தொடங்கும் முன்பே எல்லார் பையையும் கொட்டச் சொன்னார். சோறு மட்டுமல்ல, பற்பசை, உதட்டு களிம்பு, என் இட்லிப்பொடி வரைக்கும் கரடியால் திறக்க முடியாத கெட்டி டப்பாவுக்குள் போனது. எலுமிச்சை ஊறுகாயை மோந்து பார்த்துவிட்டு, "எனக்கே பசிக்குது, கரடியைச் சொல்லணுமா?" என்றார். டப்பா ராத்திரி டென்ட் பக்கம் வரக்கூடாது. சமையலும் சாப்பாடும் முகாமில் அதற்கென்று இருக்கிற கூரைக்குக் கீழேதான்.

முதலில் ஸ்ப்ரூஸ் காடு, அப்புறம் இடுப்பளவு குட்டை பிர்ச் புதர். எதிரே என்ன நிற்கிறது என்று தெரியாத அந்த இடத்தில்தான் சத்தம் போட்டுக்கொண்டே போகணும். திடுக்கிட்ட கரடிதான் பாயும், தூரத்திலேயே மனிதக்குரல் கேட்ட கரடி பெரும்பாலும் ஒதுங்கிவிடும். நாங்கள் பாட்டுக்குப் பாட்டு விளையாடியே புதரைத் தாண்டினோம். 'ம'வில் தொடங்குகிற பாட்டெல்லாம் தீர்ந்தே போச்சு.

பார்த்தது புதரில் அல்ல, மேலே முகட்டில். மோனோலித் மலை கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிற இடம். கீழே சரிவில் ஒரு கிரிஸ்லி கரடி, தோளில் திமில் தெளிவாகத் தெரிந்தது. முன்னங்காலால் செடியை அமுக்கி, உதட்டாலேயே புளூபெர்ரியை உருவி உருவித் தின்றுகொண்டிருந்தது. குளிர்காலத் தூக்கத்துக்கு முன் உடம்பில் கொழுப்பு ஏற்றுகிற அவசரம் அதற்கு. காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து அடித்தது. வாசனை போய்ச் சேர்ந்ததும் பின்னங்காலில் எழுந்து நின்றது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. கைடு மட்டும் அசையாமல், கரடியை விரட்டப் பீச்சுகிற மிளகாய்க் கார ஸ்ப்ரேயின் பாதுகாப்புக் கொக்கியைக் கழற்றிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற குரலில் அதனோடு பேசினார். எல்லாரும் ஒட்டி நில்லுங்க, ஓடாதீங்க என்று எங்களிடம். எழுந்து நிற்பது தாக்குவதற்கல்ல, யார் என்று பார்க்கத்தானாம். கொஞ்ச நேரம் மோப்பம் பிடித்துவிட்டு மறுபடி பழத்துக்கே குனிந்தது. நாங்கள் மெதுவாகப் பின்வாங்கி, மேலே ஏறிச் சுற்றிப் போனோம்.

நேரில் வம்புக்கு வந்தது தரை அணில்தான். என் ட்ரெக்கிங் ஸ்டிக்கின் கைப்பிடியை வியர்வை உப்புக்காகக் கடித்துக் குதறிவிட்டது.

உண்மையைச் சொன்னால், கரடியைவிட பயமுறுத்தியது கிலிசேட் பாஸ் என்கிற மலைக்கணவாய். கிரிஸ்லி லேக்கிலிருந்து டிவைட் லேக்குக்குப் போகிற வழி அதுதான். காலை வைத்தால் உதிர்கல்லோடு சேர்ந்து நாமும் வழுக்குவோம். மேலே இருப்பவர் உதைத்த கல் கீழே இருப்பவர் மண்டைக்கு வரும். அதனால் யாரும் யாருக்கும் நேர் கீழே நிற்காமல் சாய்வாக ஏற்றினார். கைடுக்குக் கொடுத்த காசு அங்கேதான் செரித்தது.

*

நான் ஜூனில் போனேன். கரடியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பாஸில் இன்னும் பனி, ஏரியில் ஐஸ். தூரத்து முகட்டில் வெள்ளை வெள்ளையாக டால் என்கிற காட்டு ஆடுகள், கீழே இறங்கினால் கொசு. ராத்திரி பன்னிரண்டுக்கும் வெளிச்சம், கண்ணைக் கட்டிக்கொண்டுதான் தூங்கணும்.

ஒரு விஷயம்: கரடி ஸ்ப்ரேயை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், செக்-இன் பையிலும் கூடாது. வைட்ஹார்ஸிலோ டாசனிலோ வாங்கிக்கோங்க. பைக்குள் திணிக்காமல் இடுப்புப் பட்டையிலேயே மாட்டுங்க.