கயானா எண்ணெய் ஒப்பந்தம்: வரவு தெரிகிறது, செலவு தெரிகிறதா?

கேள்வி

வணக்கம். தென் அமெரிக்காவின் கயானாவில் 2015-இல் கடலடியில் எண்ணெய் கண்டறியப்பட்டு, 2019 டிசம்பரில் உற்பத்தி தொடங்கியது. எக்ஸான்மொபில் தலைமையிலான கூட்டணியுடன் அரசு 2016-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தை இன்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கனிம, எண்ணெய்த் தொழில்களின் வரவுகளை வெளியிடும் பன்னாட்டு முன்முயற்சியிலும் அந்நாடு 2017-இல் சேர்ந்துவிட்டது. இத்தனைக்குப் பிறகும் அங்கே வெளிப்படைத்தன்மை இல்லை என்ற புகார் ஏன் ஓயவில்லை?

மறுமொழி 1

ஒப்பந்தம் தானாக வெளியே வரவில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கையெழுத்திட்டபோது நிறுவனம் அரசுக்கு 1.8 கோடி டாலர் கொடுத்தது; அந்தத் தொகை நாட்டின் பொது நிதியில் சேராமல் கயானா மத்திய வங்கியில் தனிக் கணக்கில் வைக்கப்பட்டிருந்தது, 2017 டிசம்பரில்தான் அரசு அதை ஒப்புக்கொண்டது. வெனிசுவேலாவுடனான எல்லை வழக்கின் செலவுக்காக ஒதுக்கியதாக விளக்கம் தரப்பட்டது. காரணம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் நாடாளுமன்றத்துக்குத் தெரியாமல் ஏன் வைத்தார்கள் என்பதற்கு அது விடையாகாது. ஒப்பந்தமும் அதே மாதக் கடைசியில்தான் வெளியானது.

மறுமொழி 2

மேலே நண்பர் சொன்னது பழைய கதை. இன்றைய சிக்கல் செலவுக் கணக்கில் இருக்கிறது. ஒப்பந்தப்படி, விற்ற எண்ணெயின் மதிப்பில் 75 விழுக்காடு வரை நிறுவனங்கள் தம் செலவுக்காக எடுத்துக்கொள்ளலாம். மீதியை இரு தரப்பும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொள்ளும். அதற்கு மேல் அரசுக்கு 2 விழுக்காடு ராயல்டி, அதாவது எண்ணெயின் மதிப்பில் நேரடியாகக் கிடைக்கும் பங்கு, உண்டு. 100 டாலருக்கு எண்ணெய் விற்றால், செலவு அந்த 75 விழுக்காடு உச்சவரம்பைத் தொடும்போது அரசுக்குக் கிடைப்பது 12.50-உம் 2-உம் சேர்ந்து 14.50 டாலர். நிறுவனங்களின் வருமான வரியைக்கூட அரசின் பங்கிலிருந்தே கட்டியதாகக் கணக்கிடும் விதியும் உண்டு. ஓர் எண்ணெய் வயலின் செலவை அந்த வயலின் வருவாயோடு மட்டும் கட்டிப்போடும் விதியோ இல்லை; ஆகவே புதிய வயலைத் தோண்டும் செலவைப் பழைய வயலின் எண்ணெயிலிருந்தே ஈடுகட்டலாம்.

இப்படிப்பட்ட ஏற்பாட்டில், செலவாகக் காட்டப்படும் ஒவ்வொரு டாலரும் அரசின் பங்கைக் குறைக்கிறது. 1999 முதல் 2017 வரையிலான சுமார் 167 கோடி டாலர் செலவைத் தணிக்கை செய்தவர்கள் அதில் 21.4 கோடி டாலரைக் கேள்விக்கு உட்படுத்தினார்கள். உற்பத்தி தொடங்குவதற்கு முந்தைய கணக்கிலேயே இவ்வளவு!

மறுமொழி 3

வரவுப் பக்கத்தில் முன்னேற்றம் உண்மையானது என்பதையும் சொல்ல வேண்டும். எண்ணெய் வருவாய் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியிலுள்ள இயற்கை வள நிதியில் சேர்கிறது. நிதிக்கு வந்த தொகையை அமைச்சர் மூன்று மாதத்துக்குள் வெளியிடத் தவறினால் சிறைத்தண்டனைக்கு 2021 சட்டம் இடம் தருகிறது. புதிய எண்ணெய்த் தேடல் பகுதிகளுக்காக 2023-இல் வகுத்த மாதிரி ஒப்பந்தத்தில் ராயல்டி 10 விழுக்காடு, செலவு உச்சவரம்பு 65 விழுக்காடு. பழைய ஒப்பந்தத்தில் நிபந்தனைகளை ஒருதலையாக மாற்ற விடாத பிரிவு இருப்பதால் இவை அதற்குப் பொருந்தா.

கேட்டவர்

நன்றி. அப்படியானால் இனி நான் படிக்க வேண்டியது வருவாய் அறிக்கையையா, தணிக்கை அறிக்கையையா?

மறுமொழி 2

தணிக்கை அறிக்கையை, அதைவிட முக்கியமாக, அது எந்த ஆண்டுக் கணக்கைப் பற்றியது என்பதைப் பாருங்கள். தணிக்கை செய்ய ஒப்பந்தம் தரும் அவகாசம் இரண்டே ஆண்டுகள். அதற்குள் அரசு கேள்வி எழுப்பாத கணக்கு சரியானதாகவே கொள்ளப்படும்.