ரே லேக்ஸ் சுற்றுக்குப் போனவர்கள் இருக்கிறீர்களா? சாப்பாடும் உயரமும்தான் கவலை

ஃபிரெஸ்னோ_மல்லி:

வணக்கம். கலிஃபோர்னியா கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காவில் ரே லேக்ஸ் சுற்றுக்கு எனக்கும் அண்ணனுக்கும் பெர்மிட் கிடைத்திருக்கிறது. ஆகஸ்ட் கடைசி வாரம், வுட்ஸ் க்ரீக் பக்கம் தொடங்கி 41 மைல், நான்கு இரவு. யோசெமிட்டியில் காலையில் போய் மாலையில் திரும்பும் நடைகள் நிறையப் போயிருக்கிறோம். கூடாரம், அடுப்பு எல்லாம் முதுகில் சுமந்து போவது இதுதான் முதல் தடவை.

இருவரும் சைவம். இருவருக்கும் சேர்த்து அவ்வளவு நாள் சாப்பாடு கரடி டப்பாவில் (கரடியால் திறக்க முடியாத சாப்பாட்டு டப்பா) அடங்குமா? அம்மாவுக்குக் கரடி பயம். எனக்கு 11,978 அடி க்ளென் கணவாயை நினைத்தால்தான் வயிறு கலங்குகிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.

கிழக்குச்சரிவு:

மல்லி, நல்ல பக்கம் கிடைத்திருக்கிறது. வுட்ஸ் க்ரீக் பெர்மிட் என்றால் கடிகாரச் சுற்றாகப் போவீர்கள், முதல் தடவை போகிறவர்களுக்கு அதுதான் சரி. நடை தொடங்கும் ரோட்ஸ் எண்ட் 5,000 அடிதான். முதல் இரவு பாரடைஸ் பள்ளத்தாக்கில் 6,800 அடி வாக்கில். இரண்டாவது இரவு வுட்ஸ் க்ரீக், 8,500. மூன்றாவது ரே லேக்ஸ், 10,600. உடம்புக்கு ஒவ்வொரு இரவும் கொஞ்சம் பழக நேரம் கிடைக்கும். தெம்பு இருக்கிறதே என்று இரண்டு நாள் நடையை ஒரே நாளில் முடிக்காதீர்கள். எனக்குத் தெரிந்து இங்கே தலைவலியோடு படுத்தவர்கள் பெரும்பாலும் நல்ல தெம்பான ஆட்கள்தான். வேகமாக ஏறிவிடுவார்கள், அதனாலேயே.

கரடியைப் பற்றி அம்மாவிடம் சொல்லுங்கள்: அங்கே இருப்பது கருங்கரடி மட்டும்தான். கிரிஸ்லி கலிஃபோர்னியாவில் 1920-களிலேயே இல்லாமல் போய்விட்டது. கருங்கரடிக்கு வேண்டியது உங்கள் சாப்பாடு. டப்பாவை மூடி, கூடாரத்திலிருந்து ஒரு நூறு அடி தள்ளி, ஆற்றில் உருண்டு விழாத இடமாகப் பார்த்து வையுங்கள். பற்பசை, சன்ஸ்கிரீன், லிப் பாம் எல்லாமே அதற்குள்தான் போக வேண்டும். வாசனை வருகிற எதுவும் கூடாரத்துக்குள் வேண்டாம்.

நான் ஆற்றைத்தான் பெரிதாக நினைப்பேன். மேல் பாரடைஸில் இருந்த பாலத்தை 2017-இல் வெள்ளம் கொண்டுபோய்விட்டது, இறங்கித்தான் கடக்க வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் பொதுவாகத் தண்ணீர் இறங்கியிருக்கும். ஆனாலும் பெர்மிட் வாங்கும்போதே ரேஞ்சரிடம் அந்த இடத்தையும் வுட்ஸ் க்ரீக் தொங்குபாலத்தையும் பற்றிக் கேட்டுவிடுங்கள். முடிந்தால் காலையில் கடந்துவிடுங்கள். பகல் வெயிலில் பனி உருகினால் மாலையில் ஆறு ஏறும். செருப்போ ஷூவோ ஏதாவது போட்டுக்கொண்டே இறங்குங்கள், பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள்.

சீனிச்சேவு:

சாப்பாடு என் ஏரியா, நான் சொல்கிறேன். ஆளுக்கு ஒரு டப்பா எடுங்கள், சுமார் 11.5 லிட்டர் கொள்கிற பெரியது. ரவையை வறுத்து, கடுகு, கறிவேப்பிலை, முந்திரி தாளித்து, உப்பும் சேர்த்து ஆறவைத்து ஒரு வேளைக்கு ஒரு ஜிப் பை. அங்கே வெந்நீர் ஊற்றி மூடி வைத்தால் உப்புமா தயார். அவலும் அப்படியே.

அரிசி, துவரம் பருப்பை மறந்துவிடுங்கள். 10,600 அடியில் தண்ணீர் 89 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், பருப்பு வேகவே வேகாது, கேஸ்தான் தீரும். உடனடி சாதம், பருப்புப் பொடி, சின்னச் சின்ன நெய் பாக்கெட் போதும். அப்புறம் பொரிவிளங்காய் உருண்டை! கெடாது, நசுங்காது, கையளவு இடத்தில் ஒரு மத்தியானச் சாப்பாடு. சிப்ஸ் பாக்கெட் வேண்டாம், டப்பா முழுக்கக் காற்றுதான் இருக்கும்.

ஃபிரெஸ்னோ_மல்லி:

உருண்டைக்கு அம்மாவிடமே செய்முறை கேட்கிறேன், கரடிப் பேச்சும் கொஞ்சம் குறையும். கிழக்குச்சரிவு, கணவாய் அன்றைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது? தலைவலி வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு ஏறிவிடலாமா?

கிழக்குச்சரிவு:

விடியும் முன்னே எழுந்து கூடாரத்தைச் சுருட்டுங்கள். கோடையில் அந்தப் பக்கம் பிற்பகலில் இடி மின்னல் கூடும். உச்சியில் குறுகலான ஒரு முகடு, ஒதுங்க ஒரு மரம் கிடையாது. பதினோரு மணிக்குள் தாண்டிவிட வேண்டும். அந்த நேரத்தில் கிளம்பினால் இன்னொரு லாபம், பெயின்டட் லேடி மலையில் முதல் வெயில் விழுவதைப் பார்க்கலாம். பாறையில் அடுக்கடுக்காகத் துருச்சிவப்பு, சாம்பல், கறுப்பு எல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். எனக்கு அந்தச் சுற்றிலேயே அதுதான் உயிர்.

ஏற்றம் சுமார் 1,400 அடி, கடைசிப் பகுதி முழுக்க உடைந்த கல். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் ஏறுங்கள். பேச்சு முட்டினால் நில்லுங்கள்.

ஏரிக்கரையில் ராத்திரி குளிர் உறைநிலை வரைக்கும் இறங்கலாம். தண்ணீர் வடிகட்டியைத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொண்டு படுங்கள். உள்ளே நீர் உறைந்தால் அதன் இழைகள் வெடித்துப்போகும், அப்புறம் அதை நம்பிக் குடிக்க முடியாது.

மாத்திரை விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். உயரத்தால் வரும் தலைவலி, வாந்தியைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை வேண்டுமா என்பதைக் கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள், சல்ஃபா வகை மருந்துகள் ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லுங்கள். ரே லேக்ஸில் லேசான தலைவலி என்றால் அங்கேயே இருந்து தண்ணீர் குடித்து ஓய்வெடுங்கள். விடும்வரை மேலே ஏறக்கூடாது. இதற்காகவே ஒரு நாள் சாப்பாடு கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். தலைவலியோடு வாந்தி, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் என்று எது வந்தாலும் இருட்டாக இருந்தாலும் ஹெட்லாம்ப் போட்டுக்கொண்டு வந்த வழியே வுட்ஸ் க்ரீக்குக்கு இறங்கிவிடுங்கள். கணவாயைத் தாண்டினால் அந்தப் பக்கம் இறக்கம்தானே என்று அண்ணன் சொன்னாலும் கேட்காதீர்கள், அதற்கு முன்னால் 1,400 அடி ஏறியாக வேண்டும். ரோட்ஸ் எண்டிலிருந்தே ஃபோன் எடுக்காது. ஒரு சாட்டிலைட் கருவி வாடகைக்காவது எடுங்கள், அதை இயக்க இருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.