புதுப்பிப்பு: அம்மாவின் மேல் இமைத் தொங்கல், ஆபரேஷன் முடிந்தது

குன்னூரிலிருந்து. அம்மாவுக்கு மேல் இமைத் தோல் தொங்கிப் பார்வையை மறைக்கிறது, இதை அழகு சிகிச்சை என்று காப்பீட்டில் தள்ளிவிடுவார்களா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, பார்வைப் புலச் சோதனையை (நேரே பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று அளப்பது) இரண்டு முறை எடுக்கச் சொன்ன யோசனைதான்: இமையை அப்படியே விட்டு ஒன்று, டேப்பால் தூக்கி ஒட்டி இன்னொன்று. முதல் தாளில் மேல்பக்கம் கறுப்பு, அதாவது பார்வை மறைந்த இடம்; அடுத்ததில் தெளிந்திருந்தது. இரண்டையும் நேரிலும் பக்கவாட்டிலும் எடுத்த போட்டோக்களோடு அனுப்பியதும் ஒப்புதல் வந்தது.

தோலை மட்டும் எடுத்தால் போதுமா, இமையைத் தூக்கும் தசையையும் இறுக்க வேண்டுமா என்று முன்பே அளக்கச் சொல்லுங்கள். டார்ச் அடிக்கும்போது கண்மணியில் தெரியும் ஒளிப்புள்ளியிலிருந்து மேல் இமை விளிம்புவரை 4–5 மி.மீ. இருப்பது இயல்பு. அம்மாவுக்கு 4, தோல் மட்டும் எடுத்தார்கள், மரத்துப்போக ஊசி போட்டு. ரத்தக் கசிவைக் கூட்டக்கூடிய ஆஸ்பிரினை நிறுத்துவதை இதய டாக்டரிடம் கேட்டே முடிவு செய்தோம்.

எதிர்பாராதது, தூக்கத்தில் கண் முழுக்க மூடாததுதான். இங்கத்திய குளிர்காற்றில் எரிச்சல் கூடியது. பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு; இப்போது குறைந்துவருகிறது.

மலையில் இருப்பவர்கள் கோவையில் ஆபரேஷன் செய்துகொண்டால், முதல் இரவு அங்கேயே தங்குங்கள். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்தால் கடும் வலி, வீக்கம், பார்வை மங்கல் வரும்; மணிக்கணக்கில் காத்திருக்க முடியாது.