இரவில் கை மரத்துப்போகிறவர்களுக்கு ஸ்பிளிண்டின் அவசியத்தை எப்படி விளக்குவது?

கேள்வி (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், திருமங்கலம்):
என்னிடம் வரும் கார்பல் டன்னல் (மணிக்கட்டில் நரம்பு அழுந்திக் கை மரத்துப்போகும் தொல்லை) நோயாளிகளில் மல்லிகை தொடுப்பவர்களும் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுபவர்களும் நிறைய இருக்கிறார்கள். இரவில் ஸ்பிளிண்ட் (மணிக்கட்டை மடங்காமல் நேராக வைக்கும் கட்டு) அணியச் சொன்னால், "வேலை செய்வது பகலில்தானே, தூங்கும்போது எதற்கு?" என்று கேட்டுவிட்டுக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். எப்படிச் சொன்னால் மனதில் பதியும்?

பதில் 1 (அதே துறை, மதுரை):
படம் காட்டுவதைவிட அவர்களுடைய கையைக் கொண்டே காட்டுங்கள். இரு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் கீழ்நோக்கி இருக்க, மணிக்கட்டை ஒரு நிமிடம் மடக்கி வைக்கச் சொல்லுங்கள். பலருக்குப் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரக்கத் தொடங்கும், நிமிர்த்தியதும் குறையும். விரல்களை மடக்கும் 9 தசைநாண்களோடு, இந்த விரல்களுக்கு உணர்வு தரும் மீடியன் நரம்பும் ஒரே குறுகிய வழியில் செல்வதால், மணிக்கட்டு மடங்கும்போது அங்கே அழுத்தம் கூடுகிறது என்பதை அப்போது சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். தூக்கத்தில் நாம் அறியாமலேயே மணிக்கட்டை மடக்கிக்கொள்கிறோம். இரவில் விழித்துக் கையை உதறுவதும் அதனால்தான். கடையில் வாங்கும் ஸ்பிளிண்டுகள் பலவற்றில் உள்ள உலோகப் பட்டை கையைப் பின்புறமாக வளைத்து வைப்பதால், அதை நேராக்கிக் கொடுங்கள். இறுக்கிக் கட்டினால் மரத்துப்போவது கூடும் என்பதையும், குறைந்தது 6 வாரமாவது தொடர வேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

பதில் 2 (சுங்குடி முடிச்சுப் போடுபவரின் மகள்):
தயவுசெய்து "வேலையை விட்டுவிடுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். முடிச்சுக் கணக்கில் கூலி வாங்கும் என் அம்மா அதைக் கேட்டதும் சிகிச்சைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். பிறகு வேறொரு தெரபிஸ்ட், மடியில் பலகை வைத்துத் துணியை உயர்த்தி, மணிக்கட்டு நேராக இருக்கும்படி உட்காரப் பழக்கினார். நூலை இழுத்துக் கட்டும் விசையைக் குறைக்கவும், அவ்வப்போது விரல்களை விரித்து மடக்கவும் சொல்லிக் கொடுத்தார். அதைத்தான் அம்மா இன்றும் கடைப்பிடிக்கிறார்.

பதில் 3 (மருத்துவர்):
இருவரும் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சர்க்கரை நோயும் தைராய்டு சுரப்புக் குறைவும் இந்தத் தொல்லைக்கு இடமளிக்கும் என்பதால், அவற்றுக்கான இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். சுண்டுவிரல் மட்டும் மரத்தால் காரணம் வேறாக இருக்கலாம். பெருவிரலின் அடிச்சதை மெலிந்துவிட்டாலோ, சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனாலோ, ஸ்பிளிண்டை நம்பிக் காத்திருக்கச் சொல்லாமல், நரம்புக் கடத்தல் பரிசோதனைக்கும் அறுவை சிகிச்சை நிபுணரிடமும் உடனே அனுப்பிவிடுங்கள்.