சிறு லேத்தில் கடைந்த தண்டு ஒரு முனையில் தடித்து வருவது ஏன்?

புதுச்சாணை (கேள்வி):

வணக்கம். வீட்டுப் பட்டறையில் மேசைமேல் பொருத்திய சிறு லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றில், ஓய்வு நேரங்களில் கடைசல் வேலை பழகி வருகிறேன். இதன் மைய உயரம் 100 மி.மீ.; சென்டர்களுக்கு (வேலையை இரு முனையிலும் தாங்கும் கூம்பு முனைகள்) இடையே 500 மி.மீ. நீளம் வரை பிடிக்கும். ஒரு சிறு கருவிக்கு 18 மி.மீ. விட்டமுள்ள நேரான தண்டு தேவைப்படுகிறது. அதற்காக 20 மி.மீ. மைல்டு ஸ்டீல் ராடு ஒன்றை மூன்று தாடைச் சக்கில் (சுழலும் பிடிப்பானில்) பிடித்து, 150 மி.மீ. வெளியே நீட்டிவைத்து, டெயில்ஸ்டாக் (மறுமுனையைத் தாங்கும் பகுதி) தாங்கல் இல்லாமல் கடைந்தேன். காம்பவுண்ட் ஸ்லைடைத் (டூலைக் கோணத்தில் நகர்த்தும் சறுக்கு) தொடவில்லை. கேரேஜின் (டூலைச் சுமந்து நீளவாக்கில் நகரும் பகுதி) தானியங்கி ஃபீடில்தான் முழு நீளமும் ஓடியது. டூல் கார்பைடு இன்செர்ட் (மாற்றக்கூடிய வெட்டுத் துண்டு) வகை. அதன் மூக்கு ஆரம் 0.8 மி.மீ. கடைசி வெட்டின் ஆழம் 0.5 மி.மீ.

வேலை ஆறிய பிறகு மைக்ரோமீட்டரில் பார்த்தால் சக்கின் அருகே 18.02 மி.மீ., வெளி முனையில் 18.16 மி.மீ. இருக்கிறது. டயலை நகர்த்தாமல் அதே அமைப்பில் இன்னொரு முறை ஓடவிட்டால், வெளி முனையில் மெல்லிய சீவல் கொஞ்சம் வருகிறதே தவிர, வித்தியாசம் முழுதும் மறையவில்லை. சக்கில் ராடைப் பிடித்து டயல் இண்டிகேட்டர் வைத்தபோது 0.08 மி.மீ. ஆட்டம் காட்டியது. அதுதான் காரணமா, அல்லது ஹெட்ஸ்டாக்கின் (சக்கைத் தாங்கிச் சுழற்றும் பகுதியின்) போல்டுகளைத் தளர்த்தித் திருப்பிச் சரிசெய்ய வேண்டுமா? எதை முதலில் பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றாயிருக்கும்.

சுழல்தண்டு:

நண்பரே, முதலில் ஸ்பேனரைக் கீழே வையுங்கள். ஹெட்ஸ்டாக்கின் போல்டுகளைத் தொடுவது கடைசி வேலை. பெரும்பாலும் அதற்குத் தேவையே வராது. பல சிறு லேத்களில் ஹெட்ஸ்டாக், பெட்டின் (லேத்தின் நீண்ட அடிப்பகுதியின்) வி வடிவ வழியின்மேல் உட்கார்ந்து, அந்த வழியாலேயே நேர்ப்படுத்தப்பட்டிருக்கும். காரணம் தெரியாமல் அதைத் தளர்த்தினால், ஏற்கெனவே சரியாக இருந்த ஒன்றையும் சேர்த்துத் தேட வேண்டியிருக்கும்.

சக்கின் ஆட்டத்தையும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். ராடு சக்கில் கோணலாகவே உட்கார்ந்திருந்தாலும், ஒரே பிடியில் கடைந்த பரப்பு ஸ்பிண்டிலின் (சக்கைச் சுழற்றும் தண்டின்) அச்சைச் சுற்றித்தான் உருவாகும். 0.08 மி.மீ. ஆட்டம் உங்களைப் பாதிப்பது, கடைந்த துண்டைக் கழற்றித் திருப்பிப் பிடிக்கும்போதுதான். அப்போது இரு பக்கத்துப் பரப்புகளும் ஒரே அச்சில் அமையாது. டேப்பருக்கும் (ஒரு முனை தடித்து வருவதற்கும்) அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் தாடைகளின் வாய் தேய்ந்து விரிந்திருந்தால் கதை வேறு. ராடை உள்பக்கத்தில் மட்டும் கவ்வி, வாய்ப் பக்கத்தில் விட்டுவிடும் சக், வெட்டும் விசையில் ராடை ஆடவிடும். ராடைப் பிடித்த நிலையில் தாடை முனைக்கும் ராடுக்கும் இடையே மெல்லிய தாள் நுழைகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இவை போக, டேப்பருக்கு இரண்டு வேர்கள் மிஞ்சுகின்றன. ஒன்று, டூல் தள்ளும் விசையில் ராடு வளைந்து விலகுவது. மற்றொன்று, கேரேஜ் நகரும் பாதை ஸ்பிண்டிலின் அச்சுக்கு இணையாக இல்லாமலிருப்பது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எதைத் திருத்தினாலும் ஒன்றின் பிழையை மற்றொன்றால் மூடுவதாகத்தான் முடியும். நல்லவேளையாக, பிரிப்பது எளிது. ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்ட தண்டின் வளைவு, பிடியிலிருந்து டூல் இருக்கும் தூரத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. ஆகவே பாதித் தூரத்தில் வளைவு முனையில் உள்ளதில் எட்டில் ஒரு பங்குதான் இருக்கும். பாதை விலகலோ சீராக வளர்வது. பாதித் தூரத்தில் பாதிப் பிழை காட்டும். நீங்கள் இரண்டு இடங்களில் மட்டும் அளந்திருக்கிறீர்கள். சக்கிலிருந்து 75 மி.மீ. தூரத்தில் மூன்றாவது அளவு ஒன்றை எடுத்துச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு பேசலாம்.

இதற்கிடையில் டூலைப் பற்றி ஒரு வார்த்தை. 0.8 மி.மீ. மூக்கு ஆரமுள்ள இன்செர்ட்டைக் கொண்டு 0.5 மி.மீ. ஆழத்தில் வெட்டும்போது, வெட்டு முழுவதும் அந்த வளைந்த மூக்கிலேயே நடக்கிறது. அதனால் விசையில் பெரும்பகுதி ராடின் நீளவாக்கில் போகாமல் குறுக்காக, அதாவது ராடை உங்களிடமிருந்து விலக்கித் தள்ளும் திசையில் போகிறது. எடையும் விறைப்பும் மிகுந்த தொழிற்சாலை லேத் அதைத் தாங்கும். நம் மேசை லேத்கள் தாங்குவதில்லை. 0.2 அல்லது 0.4 மி.மீ. ஆரமுள்ள கூர்மையான இன்செர்ட்டுக்கு மாறுங்கள். அலுமினியத்துக்கென விற்கப்படும் தீட்டிய விளிம்புள்ள இன்செர்ட்டுகள் மெல்லிய வெட்டில் இரும்புக்கும் நன்றாகவே வேலை செய்கின்றன. என்னைக் கேட்டால், சாணையில் தீட்டி எண்ணெய்க் கல்லில் விளிம்பை மெருகேற்றிய எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலைத்தான் சொல்வேன். அதற்கு வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்: மைல்டு ஸ்டீலுக்கு நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகம் என்று வைத்தால், 20 மி.மீ. விட்டத்துக்கு ஏறத்தாழ 400 சுற்றுகள் வரும்.

மட்டக்கோல்:

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. விட்டத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் நீட்டினால் டெயில்ஸ்டாக் தாங்கல் கொடுக்க வேண்டும் என்பது பழகுநர் முதல் வாரத்தில் கற்கும் பாடம். இங்கே ஏழு மடங்குக்கு மேல் நீண்டிருக்கிறது. முனையில் சென்டர் டிரில்லால் துளையிட்டு லைவ் சென்டரைக் (ராடோடு சேர்ந்து சுழலும் சென்டர்) கொடுங்கள். கணக்குப்படி, இரு முனையும் தாங்கப்பட்ட தண்டின் அதிகபட்ச வளைவு, ஒரு முனை மட்டும் பிடித்த தண்டின் முனை வளைவில் முப்பதில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். சக்கும் சென்டரும் கொஞ்சம் நெகிழ்வதால் நடைமுறையில் அவ்வளவு ஆதாயம் கிடைக்காது என்றாலும், கிடைப்பதே போதும்.

சுழல்தண்டு:

தாங்கல் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கேரேஜின் பாதையே கோணலாக இருந்தால், டெயில்ஸ்டாக் அந்தக் கோணலை மறைத்துவிடும். தப்பித் தவறி அது வேறொரு பக்கம் விலகியிருந்தால், மூன்றாவது பிழை ஒன்றும் சேர்ந்துகொள்ளும். முதலில் லேத்தின் நிலை தெரியட்டும். தாங்கலைப் பிறகு கொடுக்கலாம்.

புதுச்சாணை:

இருவருக்கும் நன்றி. தாள் தாடை முனையில் நுழையவில்லை. 75 மி.மீ. தூரத்தில் அளந்தால் 18.05 மி.மீ. வருகிறது.

சுழல்தண்டு:

அப்படியானால் இரண்டு வேர்களுமே இருக்கின்றன. சக்கருகே உள்ள அளவோடு ஒப்பிட, நடுவில் 0.03 மி.மீ. கூடுதல், முனையில் 0.14 மி.மீ. கூடுதல். பாதை விலகல் மட்டும் இருந்திருந்தால் நடுவில் 0.07 வந்திருக்க வேண்டும். வளைவு மட்டும் இருந்திருந்தால் நடுவில் 0.02-க்குள் நின்றிருக்கும். இரண்டையும் கலந்து கணக்கிட்டால், முனையில் தெரியும் 0.14-இல் ஏறத்தாழ 0.11 வளைவாலும் 0.03 பாதை விலகலாலும் வந்தவை. இது தோராயக் கணக்குதான். சக்கும் ஸ்பிண்டில் பேரிங்குகளும் நெகிழ்வதை இதில் சேர்க்கவில்லை.

வளைவுக் கணக்கு நம்பக்கூடியதா என்று சரிபார்க்க வேறொரு வழியும் உண்டு. 18 மி.மீ. இரும்புத் தண்டு 150 மி.மீ. நீண்டிருக்கும்போது, முனையில் 50 நியூட்டன் குறுக்கு விசை, அதாவது ஏறத்தாழ ஐந்து கிலோ எடை அழுத்தினாலே, அது 0.05 மி.மீ.க்குச் சற்று மேல் விலகும். விட்டத்தில் அது இரட்டிப்பாகத் தெரியும். ஆக 0.11 என்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கண்ணுக்குக் கல்போல் நிற்கும் ராடு டூலின் முன்னால் வளைந்துகொடுக்கிறது என்பதைப் புதிதாகக் கடைபவர்கள் நம்ப மறுப்பார்கள். சக்கில் பிடித்த ராடின் முனையில் டயல் இண்டிகேட்டரை வைத்து, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திப் பாருங்கள், முள் நகர்வது தெரியும். மோட்டாரின் இணைப்பைத் துண்டித்துவிட்டுச் செய்யுங்கள்.

பாதை விலகலைத் தனியாக உறுதிசெய்ய, 40 மி.மீ. அளவில் தடித்த ராடு ஒன்றை அதே 150 மி.மீ. நீளத்துக்கு நீட்டிப் பிடியுங்கள். அதன் நடுப்பகுதியைச் சற்று ஆழமாகக் கடைந்து விலக்கிவிட்டு, சக்கருகே ஒரு வளையமும் முனையில் ஒரு வளையமும் மட்டும் நிற்கும்படி விடுங்கள். பின்பு கூர்மையான டூலால் 0.05 மி.மீ. ஆழத்தில், கிராஸ் ஸ்லைடைப் (டூலை ராடை நோக்கிக் குறுக்காக நகர்த்தும் சறுக்கு) பூட்டி, இரு வளையங்களையும் ஒரே ஓட்டத்தில் கடையுங்கள். தடித்த ராடு, மெல்லிய வெட்டு என்பதால் வளைவு புறக்கணிக்கத்தக்க அளவுக்குக் குறைந்துவிடும். இரண்டு வளையங்களின் விட்டங்களுக்கிடையே மிஞ்சுகிற வித்தியாசம் லேத்தினுடையது. டெயில்ஸ்டாக்கை இந்தச் சோதனையில் நுழைக்கக் கூடாது.

மட்டக்கோல்:

வளையச் சோதனையில் வித்தியாசம் வந்தாலும் ஹெட்ஸ்டாக்கைக் குறைசொல்ல அவசரப்பட வேண்டாம். பெட் முறுக்கேறியிருப்பதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். மேசையின் பலகை சமமாக இல்லாத நிலையில் நான்கு போல்டுகளையும் இறுக்கினால், பெட் பலகையின் வடிவத்துக்குத் தன்னை வளைத்துக்கொள்ளும். முதலில் எல்லாப் போல்டுகளையும் தளர்த்தி, பெட்டைத் தன்னிச்சையாக உட்காரவிட்டு ஒருமுறை சோதியுங்கள். வித்தியாசம் மாறினால், அதுவே விடை.

திருத்துவது டெயில்ஸ்டாக் பக்கத்துக் கால்களில்தான். முனை வளையம் தடித்திருந்தால், அந்தப் பக்கத்தில் நீங்கள் நிற்கும் பக்கமுள்ள முன்காலின் கீழே மெல்லிய ஷிம் தகடு கொடுத்து உயர்த்துங்கள். அப்போது பெட் சற்றே பின்னோக்கிச் சாயும். கேரேஜின் மேல் நிற்கும் டூல் முனை அச்சை நோக்கி நெருங்கும். முனையில் விட்டம் குறையும். முனை வளையம் மெலிந்திருந்தால் பின்காலுக்குக் கொடுக்க வேண்டும். 0.05 மி.மீ. தகட்டிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் போல்டுகளை ஒரே அளவு இறுக்கத்தில் இறுக்கி, வளையங்களை மறுபடி கடைந்து பார்க்க வேண்டும். ஸ்பிரிட் லெவலில் குமிழி நடுவில் நிற்கிறதா என்பது இதில் இரண்டாம்பட்சம். கப்பலில் ஆடிக்கொண்டே ஓடும் லேத்களும் நேராகக் கடைகின்றன. முறுக்கு இல்லாமலிருப்பதுதான் வேண்டும். மரப்பலகையாக இருந்தால் பருவத்துக்குப் பருவம் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

புதுச்சாணை:

வளையச் சோதனையைச் செய்தேன். முனை வளையம் 0.03 மி.மீ. தடிப்பாக வந்தது, கணக்கோடு இவ்வளவு ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்கவில்லை. போல்டுகளைத் தளர்த்தியதும் அது பாதியாகக் குறைந்தது. முன்காலின் கீழே ஷிம் கொடுத்து இறுக்கிய பிறகு, இரண்டு வளையங்களும் என் மைக்ரோமீட்டரில் பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்கு ஒன்றாகிவிட்டன. இனி 18 மி.மீ. தண்டை டெயில்ஸ்டாக் தாங்கலோடு கடைய விரும்புகிறேன். டெயில்ஸ்டாக் நேராக இருக்கிறதா என்பதை எப்படி அறிவது?

சுழல்தண்டு:

ஒரு ராடின் இரு முனையிலும் சென்டர் துளையிட்டு, இரண்டு சென்டர்களுக்கு இடையே கேரியர் (ராடைச் சுழலவைக்கும் கவ்வி) மாட்டிப் பிடியுங்கள். இரு முனைகளிலும் மெல்லிய வெட்டுக் கொடுத்து விட்டங்களை ஒப்பிடுங்கள். டெயில்ஸ்டாக் பக்கம் தடித்திருந்தால், டெயில்ஸ்டாக் உங்களிடமிருந்து விலகிப் பின்பக்கம் போயிருக்கிறது என்று பொருள். வெட்டிய இடங்கள் ராடின் இரு முனைகளையும் ஒட்டியிருந்தால், விட்ட வித்தியாசத்தில் பாதியளவு அதை உங்கள் பக்கம் நகர்த்தினால் போதும். டெயில்ஸ்டாக்கின் குயிலை (சென்டரைத் தாங்கி முன்னும் பின்னும் நகரும் குழல்) அதிகம் நீட்டாமல், பூட்டிய பிறகே அளவெடுங்கள். பூட்டும்போதே சில லேத்களில் அது நகரும்.

கடைசி இரண்டு ஓட்டங்களையும் ஒரே ஆழத்தில் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். 18 மி.மீ. இலக்குக்கு 0.4 மி.மீ. மீதமிருக்கும்போது வேலையை நிறுத்தி அளந்து, விட்டத்தில் 0.2 மி.மீ. குறையும்படி ஓர் ஓட்டம் ஓடி மறுபடி அளந்தால், அந்த ஆழத்தில் ராடும் லேத்தும் எவ்வளவு விலகிக்கொடுக்கின்றன என்பது கையில் கிடைத்துவிடும். அடுத்த ஓட்டத்திலும் விசை ஏறத்தாழ அதேதான் என்பதால் விலகலும் அதேயளவுதான் இருக்கும். மாறாக, கடைசியில் நூலிழை மீதம்வைத்துக் கார்பைடால் தடவினால், விளிம்பு வெட்டாமல் உரசும். பரப்பும் மங்கும், அளவும் உங்கள் கையில் இருக்காது.

சூடாக இருக்கும்போது எடுத்த அளவை நம்ப வேண்டாம். 18 மி.மீ. தண்டு 30 பாகை செல்சியஸ் சூடேறினால் விட்டத்தில் 0.006 மி.மீ. அளவுக்குத்தான் விரியும், உங்கள் வேலைக்கு அது பெரிதல்ல. ஆனால் நீளத்திலும் அது விரிகிறது. விரிய இடமில்லாமல் சென்டர் இறுக்கிப் பிடித்தால் தண்டு நடுவில் வளையும். ஆகவே கடைசி ஓட்டத்துக்கு முன்னால் மோட்டாரை நிறுத்தி, குயில் பூட்டைத் தளர்த்தி, சென்டரைச் சற்றே பின்வாங்கி மறுபடி மெல்லத் தொடவைத்துப் பூட்டிக்கொள்ளுங்கள்.